35 வயதுக்குப் பின் நர்ஸ் ஆகலாமா?

சில வாரங்களுக்கு முன், ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் அருகில் வந்து, "ஹஜ்ரத், தங்கச்சி ஒரு மஸ்அலா கேக்கணும்ங்குறா. மதரஸா பக்கம் உட்கார்ந்திருக்கா" என்றார். போனோம். தலை குனிந்தபடியே அந்தச் சகோதரி கேட்டார்: "ஆம்பளைங்களுக்கு ஊசி போடுறது கூடுமா ஹஜ்ரத்? கையைத் தொட வேண்டியிருக்கே."

அவர் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி மூன்று ஆண்டுகள் டயாலிசிஸ் நடந்தது. வாரம் இரண்டு முறை கணவரை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனவர் இவர்தான். உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, கால் வீங்கினால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் அந்த மூன்று ஆண்டுகளில் அத்துப்படி ஆகிவிட்டது. கணவர் வஃபாத்தாகி, இத்தா முடிந்து, இப்போது இரண்டு பிள்ளைகளோடு தாய் வீட்டில் இருக்கிறார். பக்கத்து ஊர்ப் பயிற்சி நிலையம் ஒன்றில் "ஒரு வருட நர்சிங்" என்ற படிப்பில் நகையை அடகு வைத்துச் சேர்ந்து முடித்து, சிறிய மருத்துவமனை ஒன்றில் வேலையும் பார்க்கிறார்.

மஸ்அலாவுக்குப் பதில் சொல்ல இரண்டு நிமிடம் ஆனது. தேவை இருந்து, பேணுதலோடு செய்யப்படும் சிகிச்சையைப் பற்றி ஃபிக்ஹ் நூல்கள் என்ன சொல்கின்றன என்று விளக்கினோம். ஆனால் பேச்சுவாக்கில் அவருடைய சான்றிதழை வாங்கிப் பார்த்தபோதுதான் அவர் கேட்காத கேள்வி நமக்கு உறைத்தது. அந்தச் சான்றிதழில் நர்சிங் கவுன்சிலின் பெயரே இல்லை. அதை வைத்துக்கொண்டு அவர் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. சட்டப்படி அவர் நர்ஸே அல்ல. அவர் கையிலோ ஊசி இருக்கிறது!

"இனிமே முறையா படிக்க முடியாதா ஹஜ்ரத்?" என்று கேட்டார். வயது 36 முடிந்து நான்கு மாதம்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இவருக்கு 33 வயதாக இருந்தபோது இதே சகோதரர் நம்மிடம் வந்து, "தங்கச்சிக்கு நர்சிங் படிக்க ஆசையா இருக்கு, சேர்க்கலாமா?" என்று கேட்டிருந்தார். "இந்த வயசுல எதுக்கு அதெல்லாம், பொறுமையா இருக்கச் சொல்லுங்க" என்று நாம்தான் அனுப்பி வைத்தோம். அன்று நமக்கு எதுவும் தெரியாது. தெரியாத விஷயத்தில் கருத்துச் சொன்னோம். இந்தக் கட்டுரை எழுதப்பட அதுவே காரணம்.

உலகம் முழுக்கத் தேடப்படும் கைகள்

2025 மே 12, சர்வதேச செவிலியர் தினத்தன்று உலக சுகாதார நிறுவனம் செவிலியர் பணி குறித்த உலக அறிக்கையை வெளியிட்டது. 2023ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் செவிலியர்கள் இருந்தார்கள். அப்படியும் 58 லட்சம் பேர் பற்றாக்குறை என்கிறது அந்த அறிக்கை. 2030இல்கூட இந்தப் பற்றாக்குறை 41 லட்சத்துக்குக் கீழே இறங்காது என்று கணிக்கிறது. உலகச் செவிலியர்களில் ஏழில் ஒருவர் தாம் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வேலை செய்கிறார். செல்வந்த நாடுகளில் இது 23 சதவீதம்.

நம் நாட்டிலும் நிலைமை வேறில்லை. ஆயிரம் பேருக்கு மூன்று செவிலியர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவுகோல். இந்தியாவில் செவிலியர் எண்ணிக்கை போதுமானதாக இல்லை. இதனால்தான் 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 1,570 கோடி ரூபாயில் 157 புதிய நர்சிங் கல்லூரிகளுக்கு ஒப்புதல் கொடுத்தது.

தேவை இவ்வளவு இருக்கும்போது, வாழ்க்கையின் நடுவில் வேறு பாதை தேடுகிறவர்களின் பார்வை இந்தப் பணியின் பக்கம் திரும்புவது இயல்புதான். நம் சமுதாயத்தில் அப்படித் தேடுகிறவர்கள் யார்? கணவரை இழந்தவர்கள், தலாக் ஆனவர்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் குடும்ப வருமானத்துக்குக் கை கொடுக்க நினைப்பவர்கள். வளைகுடாவில் பதினைந்து, இருபது வருடம் கழித்துவிட்டு ஊர் திரும்பி, அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கும் ஆண்களும் உண்டு. இவர்களுக்கு நம் நாட்டுச் சட்டம் எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, எதை மூடி வைத்திருக்கிறது?

சட்டம் போட்ட கோடு

இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிகளில் மூன்று படிப்புகள் முக்கியமானவை. முதலாவது ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் படிப்பு. இரண்டு ஆண்டுகள், பெண்களுக்கு மட்டும். இரண்டாவது ஜி.என்.எம். எனப்படும் டிப்ளமோ, மூன்று ஆண்டுகள். மூன்றாவது பி.எஸ்சி. நர்சிங், நான்கு ஆண்டுகள்.

பி.எஸ்சி.க்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஆனால் ஏ.என்.எம்., ஜி.என்.எம். இரண்டுக்கும் கலைப்பிரிவு படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆர்ட்ஸ் குரூப் எடுத்து, கல்யாணத்தோடு படிப்பை நிறுத்திய நம் பெண்கள் பலருக்கு இந்தத் தகவலே தெரியாது. "சயின்ஸ் படிக்கலையே" என்ற ஒரே எண்ணத்தில் விசாரிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் வயதில்தான் சிக்கல். கவுன்சில் விதிப்படி இந்தப் படிப்புகளில் சேர உச்ச வயது 35. மாநில அரசுகளோ தனிப்பட்ட கல்லூரிகளோ இதைவிடக் குறைவான வயதையும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பைப் பார்க்காமல் நம்பிக்கை வைக்கக் கூடாது.

இந்தக் கோட்டில் ஒரு சின்ன வாசலும் இருக்கிறது. ஏற்கெனவே ஏ.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர் பிறகு ஜி.என்.எம். சேர வயது வரம்பு தடையில்லை என்று கவுன்சில் விதி சொல்கிறது. ஜி.என்.எம். முடித்தவர் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரிச் செவிலியராகவும் ஆகலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 34 வயதில் ஏ.என்.எம். சேரும் ஒரு சகோதரி 36இல் பதிவு பெறுகிறார். இடைவெளி விடாமல் படித்தால் 39இல் ஜி.என்.எம்., 41இல் பட்டம். அறுபது வயது வரை உழைக்கும் உடல்நலத்தை அல்லாஹ் கொடுத்தால், அதன் பிறகும் 19 ஆண்டுகள் அவர் கையில் இருக்கின்றன.

ஆக, 35க்கு முன் முதல் படியில் கால் வைத்தவருக்கு மேலே ஏற வழி இருக்கிறது. 35ஐத் தாண்டியபின் முதல் படிக்கே வருபவருக்குக் கதவு மூடியிருக்கிறது. 33 வயதில் கேட்டவரிடம் "பொறுமையாக இருங்கள்" என்று சொன்னதன் விலை இதுதான். பொறுமை மார்க்கத்தில் மிக உயர்ந்த குணம். ஆனால் விண்ணப்பத்தின் கடைசித் தேதி யாருடைய பொறுமைக்காகவும் காத்திருப்பதில்லை.

விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக, தேசிய செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டத்தை 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. புதிய ஆணையம் வகுக்கும் விதிகளில் வயது வரம்பைத் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை வைக்க வேண்டியவர்களில் நாமும் இருக்கிறோம். சமுதாய அமைப்புகள் இட ஒதுக்கீட்டுக்குக் குரல் கொடுப்பதுபோல இதற்கும் ஒரு மனு கொடுக்கலாமே!

சான்றிதழ் என்ற பெயரில் ஒரு காகிதம்

மூடிய கதவுக்கு வெளியே கடை விரித்திருப்பவர்கள்தான் பெரிய ஆபத்து. "வயது தடையில்லை, பத்தாம் வகுப்பு போதும், ஆறே மாதத்தில் நர்ஸ், நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்ற விளம்பரத்தைச் சிறுநகரப் பேருந்து நிலையங்களில் நாம் எல்லோரும் பார்த்திருப்போம். வயது தடையால் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் போய் விழுவது அங்கேதான்.

சேர்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் படிப்பை முடித்தால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் கவுன்சிலில் பதிவு எண் கிடைக்குமா?" 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் கவுன்சில் அது. ஆம் என்றால், அந்தக் கல்லூரியின் பெயர் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பதிவு இல்லாத சான்றிதழால் உள்ளூரில் குறைந்த சம்பள வேலை கிடைக்கலாம். ஆனால் தவறு ஒன்று நடந்தால் முதலில் கைகழுவப்படுவது அந்தப் பெண்தான். வெளிநாட்டுக் கனவுக்கும் அது உதவாது. சவூதி போன்ற நாடுகளில் செவிலியரின் கல்விச் சான்று, பதிவு, அனுபவம் ஒவ்வொன்றையும் மூல இடத்திலேயே விசாரித்து உறுதிசெய்த பிறகுதான் உரிமம் தருகிறார்கள். அதன் மேல் கணினித் தேர்வு ஒன்றும் உண்டு. வளைகுடா உள்ளிட்ட நாடுகளுக்குச் செவிலியர் வேலைக்குப் போவோரை 2015 முதல் அரசு அனுமதித்த முகமைகள் வழியாகவே மத்திய அரசு அனுப்புகிறது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அவற்றில் ஒன்று. தெருமுனை ஏஜென்ட்டிடம் லட்சங்களைக் கொடுத்துவிட்டுப் பிறகு பள்ளிவாசலில் வந்து பஞ்சாயத்துக் கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

35க்கு மேல் என்ன வழி?

நர்ஸ் என்ற பெயர் கிடைக்காவிட்டாலும் நோயாளியைப் பராமரிக்கும் நேர்மையான பணிகள் இருக்கின்றன. சுகாதாரத் துறைக்கான திறன் கவுன்சிலின் அங்கீகாரத்தோடு நடக்கும் 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்', வீட்டுப் பராமரிப்பு உதவியாளர் போன்ற சில மாதப் பயிற்சிகள் உண்டு. நோயாளியைக் குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, செவிலியருக்கு உதவுவது இவர்கள் வேலை. ஊசி போடுவது இவர்கள் வேலை அல்ல. இந்த எல்லையைத் தெளிவாகச் சொல்லித்தரும் நிலையமே நல்ல நிலையம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் செவிலியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். நடுவயதுப் பெண்களுக்குப் பொருத்தமான பணி இது. வருமானம் குறைவுதான், ஆனால் மருத்துவத் துறையின் உள்ளே நிற்க ஓர் இடம்.

பக்கத்து மாநிலமான கேரளாவைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் சிலர் தொடங்கிய வலி மற்றும் நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பணி, பிறகு மலப்புரம் மாவட்டத்தில் ஊர்மக்களின் இயக்கமாகவே ஆனது. இல்லத்தரசிகள், கடைக்காரர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் எனப் பலரும் பயிற்சி எடுத்துக்கொண்டு, செவிலியரோடு சேர்ந்து படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீடுகளுக்குப் போகிறார்கள். 2008இல் இதற்கென ஒரு கொள்கையையே கேரள அரசு அறிவித்தது. முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் மலப்புரத்தில் இது வேரூன்ற முடிந்தது என்றால், நம் காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ மேலப்பாளையத்திலோ ஏன் முடியாது?

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. உலகச் செவிலியர்களில் 85 சதவீதம் பெண்கள். பக்கவாதம் வந்து படுத்த ஆணைத் தூக்கிக் குளிப்பாட்ட ஓர் ஆண் உதவியாளர் கிடைக்காமல் எத்தனை வீடுகளில் தவிக்கிறார்கள்! வளைகுடாவில் முதலாளியின் வயதான தந்தையைப் பார்த்துக்கொண்ட அனுபவத்தோடு ஊர் திரும்பிய சகோதரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சில மாதப் பயிற்சி அந்த அனுபவத்துக்கு ஒரு தொழில் வடிவம் கொடுக்கும்.

சிங்கப்பூரும் பிரிட்டனும்

இந்தக் கட்டுரையை வெளிநாட்டிலிருந்து படிக்கும் குடும்பங்களுக்குச் செய்தி வேறு. சிங்கப்பூரில் வேறு துறையில் வேலை பார்த்தவர்கள் நடுவயதில் செவிலியராக மாறுவதற்கென்றே அரசு ஆதரவோடு தொழில் மாற்றுத் திட்டம் நடக்கிறது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேரலாம். படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டு, பயிற்சிக் காலத்தில் மாத உதவித்தொகையும் தருகிறார்கள். முடித்தபின் குறிப்பிட்ட காலம் அங்கே பணியாற்ற ஒப்பந்தம் உண்டு. கணக்காளராகவும் விற்பனையாளராகவும் இருந்தவர்கள் நாற்பதுகளில் இப்படி மாறியிருக்கிறார்கள்.

அங்குள்ள நம் சகோதரிகளைத் தயங்க வைத்த ஒன்று ஹிஜாப். அரசு மருத்துவமனைகளில் பணி நேரத்தில் தலைமறைப்பைக் கழற்ற வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்ட் 29 அன்று பிரதமர் லீ சியன் லூங் தம் தேசிய தினப் பேரணி உரையில் மாற்றத்தை அறிவித்தார். அவ்வாண்டு நவம்பர் 1 முதல் பொதுச் சுகாதாரத் துறையின் முஸ்லிம் பெண் ஊழியர்கள் சீருடையோடு தலைமறைப்பு அணியலாம் என்றானது. கடையநல்லூர், தென்காசி, கூத்தாநல்லூர் வேர்களைக் கொண்ட சிங்கப்பூர்க் குடும்பங்கள் பழைய தயக்கத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டிய நேரம் இது.

பிரிட்டனில் நர்சிங் பட்டப்படிப்புக்கு வயது உச்சவரம்பு இல்லை. பள்ளிப் படிப்பு போதாதவர்கள் ஓராண்டு நுழைவு டிப்ளமோ முடித்துவிட்டுச் சேர்கிறார்கள். இங்கிலாந்தில் தகுதியுள்ள நர்சிங் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு திருப்பித் தர வேண்டாத உதவித்தொகையும், பிள்ளை வளர்ப்பவர்களுக்குக் கூடுதலாக 2,000 பவுண்டும் 2020இல் தொடங்கிக் கொடுத்து வருகிறார்கள். ஆனால் கல்விக் கட்டணத்துக்கான மாணவர் கடன் வட்டியோடு வருவது. வட்டியில்லா மாற்றுக் கடனுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தும், அது நடைமுறைக்கு வருவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. வட்டியைத் தவிர்க்க விரும்புவோர், மருத்துவமனையில் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கும் அப்ரென்டிஸ் வழியை விசாரிப்பது நல்லது.

தொற்றுத் தடுப்புக்காக முழங்கைக்குக் கீழே கையைத் திறந்து வைக்க வேண்டும் என்ற விதி அங்கே உண்டு. முஸ்லிம் பணியாளர்களின் கோரிக்கையை ஏற்று, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் கையுறைபோன்ற மேல்சட்டைக் கைகளை அணியலாம் என்று 2010இல் வழிகாட்டுதல் வந்தது. பணிவோடும் காரணத்தோடும் கேட்டால் நோயாளியின் பாதுகாப்பும் கெடாமல், பேணுதலும் குலையாமல் வழி பிறக்கும் என்பதற்கு இது சாட்சி.

மார்க்கத்தின் பெயரால் வரும் தயக்கம்

நம் வீடுகளில் இந்தப் பேச்சு எழுந்ததும் வரும் முதல் கேள்வி, "அந்நிய ஆண்களைத் தொடும் வேலையாச்சே?" என்பதுதான். கேள்வி நியாயமானது. பதிலும் நம் நூல்களில் இருக்கிறது.

ஸஹீஹ் புகாரியின் மருத்துவப் பாடத்தில், ஆண் பெண்ணுக்கும் பெண் ஆணுக்கும் சிகிச்சை செய்யலாமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து இமாம் புகாரி (ரஹ்) ஒரு பாடம் அமைத்திருக்கிறார்கள். அதன் கீழே அவர்கள் கொண்டுவரும் அறிவிப்பு ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களுடையது. போர்க்களத்தில் தண்ணீர் கொடுத்ததையும், காயமுற்றோரையும் உயிரிழந்தோரையும் மதீனாவுக்குக் கொண்டு சேர்த்ததையும் அவர்கள் சொல்கிறார்கள். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஏழு போர்களில் கலந்துகொண்டு நோயாளிகளைக் கவனித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அகழ்ப்போரில் காயமடைந்த ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்கள் ருஃபைதா (ரலி) அவர்களின் பராமரிப்பில் ஒப்படைக்கப்பட்ட செய்தியும் நமக்குத் தெரிந்ததே. இவற்றை வைத்தே, தேவையின்போது தேவையான அளவுக்கு இது கூடும் என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் எழுதினார்கள். அந்த 'தேவையான அளவு' என்ற எல்லையைக் காத்துக்கொள்வது பணியாளரின் பொறுப்பு. பெண்கள் பிரிவு, பிரசவப் பிரிவு, குழந்தைகள் பிரிவு எனப் பொருத்தமான இடத்தைக் கேட்டுப் பெறுவதும் நடக்கக்கூடியதே.

மறுபக்கத்தையும் பார்ப்போம். நம் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் என்றால் என்ன செய்கிறோம்? "லேடி டாக்டர்தானே? லேடி நர்ஸ்தானே?" என்று வாசலிலேயே கேட்கிறோம். கேட்பது நம் உரிமை. ஆனால் அந்த நர்ஸ் யாருடைய மகள்? ராத்திரி இரண்டு மணிக்கு நம் உம்மாவின் படுக்கையை மாற்றுகிறவர் எந்த வீட்டுப் பெண்? அவரும் ஒரு தாய் தந்தையின் பிள்ளைதானே? மற்றவர்களின் மகள்கள் நமக்குச் சேவை செய்ய வேண்டும், நம் மகள்கள் மட்டும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது எந்த நியாயத்தில் சேரும்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் கல்விப் பாடத்தில், மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயாவில் சேர்க்கிறார்கள். ஓர் ஊரில் யாருமே அதைச் செய்யாவிட்டால் ஊரே பொறுப்பாளி. எல்லோரும் சட்டக்கலை படிக்கப் போட்டி போடுகிறார்கள், மருத்துவத்துக்கோ ஆள் இல்லை என்று தம் காலத்து ஊர்களைப் பார்த்து அவர்கள் வருந்தியிருக்கிறார்கள். மதரஸாவில் அந்தப் பகுதியை ஓதியபோது நமக்கு அது பழங்கதையாகத் தெரிந்தது. இப்போது அது நம்மைப் பார்த்துச் சொன்னதாகத் தோன்றுகிறது.

சுமையையும் சொல்ல வேண்டும்

ஆர்வத்தை மட்டும் கிளப்பிவிட்டுக் கஷ்டத்தை மறைப்பது அமானத் அல்ல.

சம்பளத்தில் தொடங்குவோம். தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்து 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதன் பேரில் அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்குச் சமமாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. சிறிய ஊர்களில் கையில் கிடைப்பது அதைவிட மிகக் குறைவு. அரசுப் பணியிலும் பலர் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்திலேயே இருக்கிறார்கள். கொரோனாவில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்த தற்காலிகச் செவிலியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31உடன் முடிக்கப்பட்டதும், அவர்கள் தெருவில் இறங்கிப் போராடியதும் நினைவிருக்கும்.

அடுத்தது உடல். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை, சுழற்சியில் நைட் டியூட்டி, கனமான நோயாளியைப் புரட்டும்போது வரும் முதுகுவலி. இருபது வயதுப் பெண்ணோடு நாற்பது வயதுப் பெண் போட்டி போட முடியாத இடங்கள் இவை. படிப்பில் உடற்கூறியல் பாடம் ஆங்கிலத்தில் மிரட்டும். தம்மைவிடப் பாதி வயதுள்ள பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார வேண்டும். தம்மைவிட இளைய சீனியரிடம் திட்டு வாங்க வேண்டியும் இருக்கும்.

ஆனால் இருபது வயதுப் பெண்ணிடம் இல்லாத சில, நடுவயதுக்காரரிடம் இருக்கின்றன. பயந்துபோன நோயாளியிடம் எப்படிப் பேசுவது, சாப்பிட மறுக்கும் முதியவரை எப்படிச் சமாதானம் செய்வது, மரணம் நடந்த படுக்கையருகே எப்படி நிற்பது என்பதையெல்லாம் வாழ்க்கை அவருக்கு ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருக்கும். இவற்றை எந்தக் கல்லூரியாலும் மூன்று ஆண்டில் முழுதாகக் கற்றுத்தர முடியாது.

வீட்டுக்காரர்கள் முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டியவையும் உண்டு. நைட் டியூட்டி நாளில் பிள்ளைகளோடு யார் படுப்பது? அழைத்துவர யார் போவது? காலையில் களைத்து வருபவருக்குச் சோறு யார் ஆக்குவது? மாமியார், நாத்தனார், கணவர், அண்ணன் என்று யாராவது ஒருவர் "நான் இருக்கிறேன்" என்று சொல்லாமல் இந்தப் படிப்பைத் தொடங்கினால் பாதியில் நிற்கும்.

ஜமாஅத்துகள் என்ன செய்யலாம்?

முதலாவது, தகவல். மஹல்லாவில் 25 முதல் 34 வயதுக்குள், பிளஸ் டூ முடித்து, வருமானம் தேவைப்படும் பெண்கள் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எடுங்கள். வயது வரம்பு நெருங்குகிறவரை முதலில் கூப்பிட்டுப் பேசுங்கள். நிக்காஹ் பதிவேடு நம்மிடம் இருக்கிறது. பிறந்த தேதி தேடுவது பெரிய வேலையல்ல.

இரண்டாவது, பணம். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழைப் பெண்ணுக்குத் தொழில் கற்க உதவுவது, வருடா வருடம் ரமளானில் அரிசிப்பை கொடுப்பதைவிட நிலையான உதவி. தொழில் தெரிந்தவருக்கு அதன் கருவிகளை வாங்கும் அளவுக்கு ஜகாத் கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ நூல்கள் பேசுகின்றன. ஹனஃபி மத்ஹபில் பணம் அவருடைய உடைமையாக அவர் கையில் சேர வேண்டும் என்பதால், கட்டணத்தை அவரிடமே கொடுத்து அவரைக் கொண்டே கட்டச் செய்யுங்கள்.

மூன்றாவது, சரிபார்ப்பு. மஹல்லாவில் பணியிலிருக்கும் அல்லது ஓய்வு பெற்ற ஒரு செவிலியரை, அவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், கண்ணியமாக அழைத்து ஆலோசனை கேளுங்கள். எந்தக் கல்லூரி அசல், எது போலி என்று அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். நாம் மிம்பரிலிருந்து சொல்வதைவிட அவர் சொல்வது உதவும்.

நான்காவது நம்மைப் போன்ற ஆலிம்களுக்கு. யாராவது படிப்பு, வேலை குறித்துக் கேட்டு வந்தால், மார்க்கச் சட்டத்தை மட்டும் சொல்லுங்கள். மற்றது தெரியாது என்றால் தெரிந்தவரிடம் அனுப்புங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் இல்மின் ஒரு பகுதி என்று நமக்கு ஓதித்தந்த உஸ்தாதுமார்கள் சொன்னார்கள்.

அந்தச் சகோதரியின் நிலை என்ன? ஊசி போடும் வேலையிலிருந்து விலகச் சொன்னோம். எளிதாகச் சொல்லிவிட முடியவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் போகிறது. ஜமாஅத் நிர்வாகிகளிடம் பேசி, அங்கீகாரமுள்ள வீட்டுப் பராமரிப்புப் பயிற்சி ஒன்றில் சேர்த்திருக்கிறோம். அதுவரை வீட்டுச் செலவுக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவி. பயிற்சி முடிந்ததும் மஹல்லாவில் படுத்த படுக்கையாக இருக்கும் நான்கு முதிய பெண்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை முறையான ஊதியத்தோடு அவரிடம் ஒப்படைப்பதாகப் பேச்சு. அவர் நர்ஸ் ஆகப்போவதில்லை. ஆகியிருக்க முடியும். அந்தக் கணக்கு நம் பெயரில் இருக்கிறது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

விடைபெறும்போது அவர் சொன்னார்: "ஹஜ்ரத், என் சின்னம்மா மகளுக்கு 31 ஆகுது. அவளும் ஆர்ட்ஸ் குரூப்தான். அவகிட்ட நீங்க பேசுங்க."

இந்த வாரமே பேசுகிறோம், இன்ஷா அல்லாஹ். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், அவருடைய வயதை இன்றே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.